வட்டக்கானல் விடுதியின் சனிக்கிழமைத் தோரா வாசிப்பு: ஒரு மதிப்பீடு

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் உள்ளூர்த் தம்பதியர் நடத்தும் ஒரு சிறிய தங்கும் விடுதியில், ஐப்பசி முதல் வைகாசி வரையிலான மாதங்களில், சனிக்கிழமைதோறும் முற்பகலில் யூதர்களின் வேதமான தோராவில் அந்த வாரத்துக்குரிய பகுதியை வாசித்து விவாதிக்கும் கூட்டம் நடைபெறுகிறது. விடுதியில் தங்கியிருப்பவர்கள் மட்டுமன்றி, முன்கூட்டியே சொல்லிவிட்டால் உள்ளூர்க்காரர்களும் கலந்துகொள்ளலாம்; வாசிப்பு முடிந்ததும் மதிய உணவும் உண்டு. விடுதியின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. வட்டக்கானலுக்கு வரும் யூதப் பயணிகளைத் தாக்கத் திட்டமிட்டதாக 2016-இல் தேசியப் புலனாய்வு முகமை ஒரு குழுவின் மீது வழக்குத் தொடுத்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் புரியும்.

மலைக்கு வரும் இஸ்ரேலிய இளைஞர்களில் பெரும்பாலோர் ராணுவப் பணி முடித்த கையோடு ஊர் சுற்றக் கிளம்பியவர்கள். மதக் கடமைகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் அவர்களில் சிலரே. ஆகையால் இந்தக் கூட்டத்தைத் தொழுகை என்று நினைத்துக்கொண்டு யாரும் போகவேண்டியதில்லை. தோலில் எழுதப்பட்ட தோராச் சுருள் இங்கே கிடையாது; சுருளை எடுத்துச் சபையில் முறைப்படி வாசிப்பதற்குப் பத்துப் பேர் கூடவேண்டும் என்ற விதியும், அந்தப் பத்தில் பெண்களைச் சேர்ப்பதா இல்லையா என்பதில் வைதீகப் பிரிவினருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள கருத்து வேறுபாடும் இங்கே எழுவதில்லை. அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், அன்றாட நாட்டு நடப்போடு பொருத்திப் பார்க்கிறார்கள். அந்தப் பொருத்திப் பார்த்தல் எவ்வளவு நேர்மையாக நடக்கிறது என்பதை வைத்தே இதை மதிப்பிட விரும்புகிறேன்.

வாசிப்பின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் விவிலியத்தில் ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரை உள்ள ஐந்து நூல்களே தோரா. அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக, சில வாரங்களில் இரண்டை இணைத்து, ஓராண்டில் முடிக்கிறார்கள். புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும் சிம்ஹத் தோரா என்ற திருநாளில் கடைசிப் பகுதியை முடித்த கையோடு உலகப் படைப்பிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். மார்கழியில் நாளுக்கொரு திருப்பாவைப் பாசுரம் என்று பழகிய நமக்கு இந்த ஒழுங்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இங்கே வருவது பாசுரம் மட்டுமல்ல, சொத்துத் தகராறு, தோல்நோய், மாடு முட்டினால் நட்ட ஈடு, போர்க் கொள்ளையைப் பங்கிடுதல் எல்லாம் வரிசை தப்பாமல் வரும். இன்றைக்கு எதைப் பேசலாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பேசுபவருக்கு இல்லை என்பதுதான் இந்த முறையின் சிறப்பு என்று நான் கருதுகிறேன். பஞ்சாங்கம் எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் பேசியாக வேண்டும்.

நடத்துபவர் ஆண்டுதோறும் சில மாதங்கள் இங்கே வந்து தங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் வைத்திருக்கும் முறை எளிமையானது: முதலில் வசனம், அடுத்து ராஷியின் உரை, அதற்குப் பிறகே செய்தித்தாள். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சின் ட்ருவா நகரில் வாழ்ந்த ராஷி, வசனத்தில் எங்கே இடறுகிறதோ அங்கே மட்டும் சுருக்கமாகப் பேசுபவர்; நம் மரபில் பரிமேலழகர் போல, அவரை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் அவரிடமிருந்துதான் தொடங்கவேண்டும். தேவையான பகுதிகளைச் செஃபாரியா என்ற இலவச இணைய நூலகத்திலிருந்து எடுத்துத் தொகுத்து, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஜெராக்ஸ் எடுத்து மேசையில் அடுக்கிவிடுகிறார், வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை வேலை செய்யக்கூடாத யூத ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அச்சிடவும் முடியாது, அலைபேசியைத் திறக்கவும் முடியாது என்பதால். தாளின் ஒரு பாதியில் எபிரேயம், மறுபாதியில் ஆங்கிலம். தமிழ் வேதாகமத்தின் பழைய பதிப்பு ஒன்று, முதுகு பிரிந்த நிலையில், மேசை ஓரத்தில் இருக்கிறது.

நான் அமர்ந்திருந்த வாரங்களில் மிகச் சிறப்பாக அமைந்தது பெஹார் பகுதி, அதாவது லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம். ஆறு ஆண்டுகள் பயிரிட்டு ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் விற்றவரின் குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அது. இப்படி ஒரு பகுதி கிடைத்தால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். அன்று பூம்பாறையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் விவசாயி ஒருவர், விடுதிக்குக் காய்கறி போடுகிறவர், கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். விடுதிக்கார அக்கா தமிழில் விளக்கியதைக் கேட்டுவிட்டு அவர் நேராகக் கேட்டார்: "நிலத்தைச் சும்மா போட்டா அந்த வருசம் சாப்பாட்டுக்கு என்னங்க பண்றது? சொசைட்டிக் கடன யாரு கட்டுறது?"

ஆசிரியை சிரித்துக்கொண்டே 20-ஆம் வசனத்தை வாசிக்கச் சொன்னார். ஏழாம் ஆண்டில் எதைச் சாப்பிடுவோம் என்று நீங்கள் கேட்பீர்களானால் என்று அந்த வசனமே தொடங்குகிறது. பூம்பாறைக்காரரின் கேள்வியை நூல் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறது. ஆறாம் ஆண்டின் விளைச்சல் மூன்று ஆண்டுகளுக்குக் காணும்படி ஆசீர்வாதம் வரும் என்பது அங்கே தரப்படும் பதில். அந்தப் பதிலில் விவசாயிக்குத் திருப்தி இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடன் பற்றிய பாதிக்கு உபாகமம் 15-ஆம் அதிகாரத்துக்குப் போனார்கள். ஏழாம் ஆண்டில் கடன்கள் தள்ளுபடியாகவேண்டும் என்று அது விதிக்கிறது. தள்ளுபடி ஆண்டு நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் மறுக்காதே என்றும் அடுத்த மூச்சிலேயே எச்சரிக்கிறது. எச்சரித்தும் பயனில்லை. கொடுப்பவர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். ஆகவே பொது ஆண்டுக் கணக்கு தொடங்குவதற்குச் சற்று முந்தைய தலைமுறையில் வாழ்ந்த ஹில்லேல் என்ற பேரறிஞர் ஓர் ஏற்பாட்டைச் செய்தார்: கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால், தனி மனிதரின் கடனுக்குரிய தள்ளுபடி விதி அதைக் கட்டுப்படுத்தாது. ப்ரோஸ்புல் என்று அதற்குப் பெயர்.

இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் விவசாயி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்ததை அவர் நினைவுபடுத்தினார். "தள்ளுபடி வருதுன்னு பேச்சு அடிபட்டாலே போதும்ங்க, கட்டுறவனும் கட்ட மாட்டான், குடுக்குறவனும் யோசிப்பான்" என்றார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஹில்லேல் கண்ட சிக்கலும் அதுவேதான். நவீன இஸ்ரேலில் நிலத்தின் ஓய்வு எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கும் மழுப்பாமல் பதில் வந்தது. 1889-இல் குடியேற்ற விவசாயிகள் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக நிலத்தை அந்த ஓராண்டுக்கு யூதரல்லாத ஒருவருக்குப் பெயரளவில் விற்றுவிடும் ஏற்பாட்டை ரபிகள் (யூத மதகுருமார்) சிலர் அனுமதித்தார்கள். 1909-10-இல் யாஃபாவின் ரபியாக இருந்த ஆபிரகாம் ஐசக் கூக் அதை ஆதரித்து நின்றார். கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு, அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. கடைசி ஓய்வாண்டு 2021-22-இல் கடந்தது. அடுத்தது 2028 செப்டம்பரில் தொடங்கும்.

அதே அமர்வில் டெல் அவிவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், 2011 கோடையில் வீட்டு வாடகை தாங்காமல் ராத்ஷைல்ட் வீதியில் கூடாரம் அடித்துப் போராடியவர்களைக் குறிப்பிட்டு, நிலம் திரும்பும் விதியை நகரத்து வீடுகளுக்கும் நீட்டவேண்டும் என்று உணர்ச்சியோடு பேசினார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியை மறுத்துப் பேசாமல் 29, 30-ஆம் வசனங்களை மட்டும் சுட்டிக்காட்டினார்: மதில் சூழ்ந்த நகரத்தில் விற்ற வீட்டை ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவருக்கே நிலைத்துவிடும், ஐம்பதாம் ஆண்டிலும் திரும்பாது. தனக்கு வேண்டியதை நூலில் தேடி வந்தவர் தனக்கு வேண்டாததையும் அங்கேயே கண்டார். கூட்டத்தில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. வயல் பிழைப்புக்கானது, நகரத்து வீடு அப்படியல்ல என்று நூல் ஏன் பிரிக்கிறது, இன்றைக்கு அந்தப் பிரிவு செல்லுமா என்று விவாதம் வேறு தடத்தில் அரை மணி நேரம் ஓடியது. பண்ணைக்காட்டிலும் வில்பட்டியிலும் காட்டேஜ்களாக மாறிக்கொண்டிருக்கும் தோட்டங்களைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்த அரை மணி நேரம் போதவில்லை.

போரைப் பற்றிய பேச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதல் நடந்தபோது இஸ்ரேலில் சிம்ஹத் தோரா நாள். அதற்கடுத்த ஓய்வுநாளுக்குப் பஞ்சாங்கம் கொடுத்த பகுதி பெரெஷித். உன் சகோதரனின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது என்று கடவுள், தம்பியைக் கொன்ற காயீனிடம் சொல்வது அதில்தான் வருகிறது. அக்டோபர் 28-க்கு வந்தது, சிறைபிடிக்கப்பட்ட உறவினன் லோத்தை மீட்க ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) படை திரட்டிப் போகும் பகுதி. நவம்பர் 4-க்கு வயேரா: சோதோமில் பத்து நீதிமான்கள் இருந்தாலும் அழிக்கலாகாது என்று ஆபிரகாம் கடவுளோடு பேரம் பேசுவதும், ஆபிரகாம் பிள்ளையோடு அனுப்பிவிட்ட ஆகார் தண்ணீரின்றிப் பாலைவனத்தில் தன் பிள்ளையைப் புதரடியில் கிடத்திவிட்டு விலகிப்போய் அழுவதும் அதே பகுதியில் இருக்கின்றன. யாரும் தேர்ந்தெடுத்து அடுக்கிய வரிசை அல்ல இது. பணயக்கைதிகளின் குடும்பங்களை நினைப்பவருக்கும், காஸாவில் இறந்த பிள்ளைகளை நினைப்பவருக்கும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு வசனம் கிடைக்கிறது. மற்றவரின் வசனத்தைத் தாண்டிப் போகவும் முடிவதில்லை. நான் இருந்த வயேரா வாரத்தில் குரல்கள் உயர்ந்தன, ஒரு பெண் எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தார். ஆசிரியை சமாதானம் செய்துவைக்க முயலவில்லை. ஆகாரைப் பற்றிய வசனங்களை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார், அவ்வளவுதான். அதை நான் சரியென்றே நினைக்கிறேன்.

அவர் கறாராக இருக்கும் இன்னோர் இடமும் எனக்குப் பிடித்தது. வேத பாடசாலை மாணவர்களுக்கு ராணுவச் சேவையிலிருந்து விலக்களிக்கச் சட்ட அடிப்படை இல்லை என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்தச் சர்ச்சையைக் கிளப்பிய ஒருவர், உங்கள் சகோதரர்கள் போருக்குப் போக நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பீர்களோ என்று மோசே இரண்டு கோத்திரத்தாரைக் கடிந்துகொள்ளும் எண்ணாகமத்து வசனத்தை எடுத்துப் போட்டார். தீர்ப்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் கையாளும் வசனம்தான். ஆனால் அது மத்தோத் பகுதியைச் சேர்ந்தது, ஆடி மாதத்தில்தான் வரும். "அதுவரை பொறுங்கள்" என்று சொல்லி ஆசிரியை அன்றைய பகுதிக்குத் திரும்பிவிட்டார். கேட்டவருக்குக் கோபம்தான். ஆடியில் கூட்டமே நடப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆசிரியை ஊரில் இல்லாத வாரங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயணிகளில் யாராவது ஒருவர் பொறுப்பேற்கிறார். தரம் அவரவர் தயாரிப்பைப் பொறுத்தது. தோல்நோய் கண்டவரை ஏழு நாள் ஒதுக்கிவைத்து ஆசாரியர் (கோயில் குரு) சோதிக்கும் தஸ்ரியா பகுதி அப்படி ஒருவர் கையில் சிக்கியது. 2020-இல் அந்தப் பகுதி ஏப்ரல் 25 அன்று, உலகமே ஊரடங்கில் கிடந்தபோது வந்தது என்பதிலேயே அவர் மயங்கிவிட்டார். ஏழு நாள் தனிமை அன்றே சொல்லப்பட்டது என்பதற்கு மேல் எதுவும் நகரவில்லை. நம் ஊரில் எல்லாவற்றையும் முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்வோர் உண்டே, அவர்களுக்கு அது நல்ல தீனி. அந்த அதிகாரங்களில் மருத்துவமே கிடையாது, ஆசாரியர் யாருக்கும் சிகிச்சை அளிப்பதில்லை, தீட்டா இல்லையா என்று மட்டுமே தீர்ப்புச் சொல்கிறார் என்பதை ஒருவராவது கேட்டிருக்கலாம். மரபில் பெரும்பாலான உரையாசிரியர்கள் அந்த நோயைப் புறங்கூறுதலோடு இணைத்துப் பேசியிருக்க, சமூக ஊடக வதந்திகளைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பும் வீணாயிற்று.

பஞ்சாங்கமே சில வாரங்களில் இரண்டாகப் பிரியும். இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர்கள் பஸ்கா, ஷவுவோத் திருநாள்களை ஒரு நாள் கூடுதலாகக் கொண்டாடுவதால், அந்தக் கூடுதல் நாள் சனிக்கிழமையில் விழுந்தால் அவர்கள் வாராந்தர வரிசையில் ஒரு பகுதி பின்தங்கிப்போவார்கள். வழியில் இரண்டு பகுதிகளை இணைத்து வாசித்துப் பிறகு சமன் செய்வார்கள். அந்த இடைவெளியில் ஒரே மேசையில் அமெரிக்கர் ஒரு பகுதியோடும் இஸ்ரேலியர் வேறொரு பகுதியோடும் அமர்ந்திருப்பதை இங்கே பார்க்கலாம். விடுதியில் இரண்டு தாள்களும் வைக்கிறார்கள். புதிதாகப் போகிறவர் குழம்பத்தான் செய்வார்.

குறைகளில் பெரியது மொழி. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவருக்கும் இடையிடையே பாயும் எபிரேயம் பிடிபடாது. அக்கா சமையலறையில் இருக்கும் நேரத்தில் தமிழ் விளக்கம் நின்றுவிடுகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தால் மட்டும் தடையின்றி நடக்கிறது. வசனப் பகுதிக்காவது தமிழ்த் தாள் ஒன்று வைக்கலாம், பழைய வேதாகமத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்தாலே போதும். உள்ளூர்க்காரர்கள் தாமாகவே கடைசி நாற்காலிகளில் போய் உட்கார்ந்துவிடுவதால், பூம்பாறைக்காரர் போல் துணிந்து கேட்பவர் இல்லாத வாரங்களில் நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்களாகவே இருந்துவிடுகிறோம். கூடத்தின் மேற்குப் பக்க ஜன்னல் சரியாகச் சாத்துவதில்லை. மார்கழி, தை மாதங்களில் கனமான ஸ்வெட்டர் இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார இயலாது.

சாப்பாடு சைவம். இறைச்சி, பால் ஆகியவற்றைக் கலக்கக்கூடாது என்ற சிக்கலையே எடுத்துவிட அப்படி வைத்திருக்கிறார்கள். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, கோதுமை சேர்த்து வெள்ளி மாலையே ஏற்றிவைத்த பெரிய பாத்திரம் இரவு முழுதும் மின்தட்டில் மெல்லச் சூடாகிக்கொண்டிருக்கும். அடியில் லேசாகப் பிடித்துப் பழுப்பேறிய அந்தக் கடலைக்குப் பக்கத்தில் அக்கா வைக்கும் மலைப்பூண்டுத் துவையல் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை, ஆனால் அது இல்லாமல் இனி எனக்கு இறங்காது. துணி மூடிய இரண்டு பின்னல் ரொட்டிகளும் உண்டு. ரொட்டி சில வாரம் காய்ந்திருக்கும். கூடத்து விளக்கின் ஸ்விட்சை யாரும் மறதியாகத் தட்டிவிடாதபடி செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள், அதைப் பிய்த்துவிட வேண்டாம்.

செல்ல விரும்புவோர் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் விடுதியில் தகவல் சொல்லவேண்டும், அடையாள அட்டை கொண்டுபோகவேண்டும். கட்டணம், கொடைக்கானல் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓட்டல்களில் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு ஆவதைவிடக் குறைவு. ஓய்வுநாளில் பணத்தைத் தொடமாட்டார்கள் என்பதால் மேசையில் பணம் வைப்பதோ ஜிபே பண்ணட்டுமா என்று கேட்பதோ சங்கடத்தை உண்டாக்கும், முன்தினமோ ஞாயிற்றுக்கிழமையோ அக்காவிடம் கொடுத்துவிடலாம். மழை நாளில் உங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் தலை முதல் கால் வரை நனைந்து வந்து உட்காரக்கூடும்: ஓய்வுநாளில் குடை விரிப்பது கூடாரம் அடிப்பதற்கு ஒப்பானது என்று கண்டிப்பானவர்கள் குடை பிடிப்பதில்லை. நாம் பிடிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெளியூரிலிருந்து வண்டியில் வருபவர்கள், 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் எடுத்துக்கொண்டு, சீசன் வாரங்களில் வட்டக்கானல் சாலையின் நெரிசலைக் கணக்கில் வைத்துக் காலை ஒன்பதுக்கே கொடைக்கானலைத் தாண்டிவிடுவது நல்லது; வாசிப்பு பத்தரைக்குத் தொடங்கிவிடும், பாதியில் நுழைபவருக்காக வசனத்தை மறுபடி வாசிப்பதில்லை.